இருபத்து மூன்று துளைகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர்

நம் நாட்டு விளையாட்டுகளுள் செலவே இல்லாதது எது என்று கேட்டால், ஆடு புலி ஆட்டம் என்று தயங்காமல் கூறலாம். கட்டம் வரைய ஒரு கரித்துண்டு, ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்கு மூன்று கூழாங்கல் இருந்தால் போதும். பாடுபட்டுக் களைத்தவர்கள் பொழுது சாயும் நேரத்தில் கோயில் மண்டபத்துத் தரையில் அமர்ந்து ஆடிய ஆட்டம் இது. பழைய மண்டபங்களின் கல்தளங்களில் இக்கட்டத்தை உளியால் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் காணலாம்.

கட்டத்தின் அமைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்வோம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் கூரையின் வாரைகளைப் போலச் சரிந்து கீழே ஒரு கிடைக்கோட்டில் முடிகின்றன. நடுவே மூன்று கிடைக்கோடுகள் இந்த நான்கையும் வெட்டிக்கொண்டு இருபுறமும் வெளியே நீள்கின்றன. நீண்ட நுனிகளை இருபக்கமும் செங்குத்துக் கோடுகள் இணைக்கின்றன. உச்சியில் 1, மூன்று வரிசைகளில் ஆறு ஆறாக 18, அடியில் 4. ஆகப் புள்ளிகள் 23. கோடுகள் 10. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வரவேண்டும். ஓர் ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் வெற்றிடம் இருந்தால் புலி தாண்டி அதனை வெட்டிவிடும். புலிகள் மூன்றும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எங்கள் வீட்டு வழக்கப்படி ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிகளுக்கு வெற்றி.

நேபாளத்தில் இதற்கு ஓர் உறவு உண்டு. பாக்சால் என்பது அதன் பெயர். அங்கே 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். வலியவர் சிலரும் எளியவர் பலரும் மோதும் ஆட்டம் மலைநாட்டாருக்கும் நமக்கும் ஒருங்கே தோன்றியிருப்பது வியப்புக்குரியது அன்றோ!

இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே. நான் எழுத வந்தது, இந்த 23 புள்ளிகளையும் 23 துளைகளாக மாற்ற நேர்ந்த கதையை.

பலகையில் துளையிட்டு அதில் முளைகளைச் செருகி ஆடும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்து நாட்டில் தீப்ஸ் என்னுமிடத்தில் 1910ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆட்டப் பலகை ஒன்று கிடைத்தது. அதில் 58 துளைகள். செருகி ஆடும் முளைகளுள் சிலவற்றின் தலை நாய்முகம். மற்றவற்றின் தலை நரிமுகம். பிரான்சு நாட்டில் 1697இல் அச்சான ஒரு செதுக்கோவியத்தில், அரண்மனைச் சீமாட்டி ஒருத்தி முளைகளைத் தாண்டித் தாண்டி எடுக்கும் தனியாட்டப் பலகையுடன் அமர்ந்திருக்கிறாள். நம் கடைகளில் பிரெயின்விட்டா என்ற பெயரில் 33 குழிகளோடும் 32 குண்டுகளோடும் விற்கப்படுவது அதன் வழிவந்ததே. நுண்கணிதத்தைப் படைத்தவர்களுள் ஒருவரான லைப்னிட்சு 1710இல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்! விளையாட்டுப் பலகையைக் கணிதம் பயில்வோர் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புள்ளிக்குப் பதிலாகத் துளை எதற்கு? புள்ளியின் மேல் வைத்த காய் கைபட்டால் நகரும். துளையில் செருகிய காய் நகராது. கப்பலிலும் வண்டியிலும் ஆடுவோர்க்கு இது வசதி. கண்பார்வை இல்லாதவர்க்கோ இது வசதி என்னும் அளவில் நிற்பதில்லை. ஆடுவதற்கே அதுதான் வழி. பார்வையற்றோர் ஆடும் சதுரங்கப் பலகையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை உண்டு. கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒருவர் பலகை முழுவதையும் விரல்களால் தடவிப் பார்க்கலாம். எந்தக் காயும் இடம் பெயராது.

இதனை நான் புத்தகத்தில் படித்து ஆர்வம் கொள்ளவில்லை. என் அப்புச்சியின் பொருட்டே தேடிக் கற்றேன்.

அப்புச்சி காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில் ஆடு மேய்த்தவர். கிளுவை வேலி சூழ்ந்த காட்டில், வெள்வேல மரத்து நிழலில், கொழுக்கட்டைப் புல்லை மேயவிட்டுவிட்டு, பாறையில் கட்டம் கீறி ஆடியதாகச் சொல்வார். ஆடுகளின் பக்கம் அவர் அமர்ந்தால் புலிகளுக்கு மூச்சுத் திணறும். அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்தபின், அவரும் எங்களோடு வந்துவிட்டார். என்னையும் தம்பியையும் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவர் அவரே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பார்வை மங்கியது. கண்ணில் புரை விழுந்திருக்கும், வயதானால் வருவதுதானே என்று வீட்டில் எண்ணினோம். ஆனால் அது கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. புரை என்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். கிளாக்கோமாவில் கண்ணின் நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. போன பார்வை திரும்புவதில்லை, இருக்கும் பார்வையைக் காப்பாற்றவே மருத்துவத்தால் முடியும். பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வையில் தொடங்குவதால் ஆள் அறியாமலே முற்றிவிடும். நாற்பது வயதைக் கடந்த பெற்றோர் உள்ள தோழர்கள், அவர்களைக் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள் என்று இவ்விடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

பார்வை போன பிறகும் அப்புச்சி ஆட மறுக்கவில்லை. நானோ தம்பியோ அட்டையில் கட்டம் வரைந்து வைப்போம். அவர் வாயால் சொல்லுவார், நாங்கள் காயை நகர்த்துவோம். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் வரை அவர் மனத்திலேயே பலகை முழுதும் இருக்கும். பிறகு ஐயம் வரும். கையை நீட்டித் தடவுவார். புளியங்கொட்டைகள் சிதறும். எது எங்கே இருந்தது என்று மறுபடி நாங்கள்தாம் அடுக்க வேண்டும். அம்முறையில் ஒரு நாள் அவர் வென்றார். தம்பி கை தட்டினான். அப்புச்சியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஏங்கண்ணு, எனக்குன்னு உட்டுக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அப்புச்சி, நெசமாவே நீங்கதான் செயிச்சீங்க" என்றேன். அது உண்மையும்கூட.

"அதெ நா எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் எங்கள் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். நாங்கள் பொய் சொன்னாலும் மெய் சொன்னாலும் அவருக்கு வேறுபாடு தெரியப் போவதில்லை. வென்றாலும் அது எங்கள் தயவு. தோற்றாலும் அது எங்கள் சொல். அன்றிலிருந்து அவர் ஆட வரவில்லை. திண்ணையில் அமர்ந்து தெருவின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டால், "நீங்க ஆடுங்க சாமி" என்பார். ஒரு மனிதருக்குச் சோறும் மருந்தும் தருவது எளிது. தோற்கும் உரிமையைத் தருவது எளிதன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

முளைப்பலகை செய்வது என்று முடிவு செய்தேன். தாளும் அளவுகோலும் எடுத்து, நாம் வழக்கமாக வரையும் வடிவிலேயே வரைந்து பார்த்தேன். உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உயரம் 240 மில்லிமீட்டர். அடிக்கோட்டில் புள்ளிக்குப் புள்ளி 60 மில்லிமீட்டர். நடுவே மூன்று வரிசைகளையும் சம இடைவெளியில், அதாவது 60, 120, 180 என்ற தொலைவுகளில் வைத்தால் என்ன ஆகும்? வடிவொத்த முக்கோணங்களைப் பற்றிப் பள்ளியில் படித்தது இங்கே கைகொடுத்தது. உச்சியை நெருங்க நெருங்கக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். எந்த வரிசையிலும் அடுத்தடுத்த சாய்கோடுகளுக்கு இடையேயுள்ள தூரம், உச்சியிலிருந்து அவ்வரிசை இருக்கும் தொலைவில் கால் பங்கு. ஆகவே முதல் வரிசையில் துளைக்குத் துளை 15 மில்லிமீட்டரே வரும்.

கண்ணால் பார்த்து ஆடுவோர்க்கு 15 மில்லிமீட்டர் தாராளம். விரலால் பார்ப்பவர்க்கு? ஆடுகளாக வைக்க எண்ணியிருந்தது வட்டப் பென்சிலின் துண்டுகள். வெர்னியர் கொண்டு அளந்ததில் பென்சிலின் விட்டம் ஏழரை மில்லிமீட்டர் இருந்தது. எனவே இரண்டு ஆடுகளுக்கு நடுவே மிஞ்சுவது ஏழரை மில்லிமீட்டர். அப்புச்சியின் சுட்டுவிரல் நுனியின் அகலம் 16 மில்லிமீட்டர். ஆடும் புலியும் முதன்முதல் மோதுவதே உச்சிக்குக் கீழுள்ள அந்த வரிசையில்தான். அங்கே விரல் நுழையாவிட்டால் பலகை செய்து பயன் இல்லை.

பலகையையே பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். முதல் வரிசைக்கு வேண்டிய இடம் கிடைக்கும்படி முழுப் பலகையையும் பெருக்கினால், அது 400 மில்லிமீட்டருக்குமேல் வளர்ந்து, மடியில் வைத்து ஆட முடியாததாகிவிடும். அப்புச்சிக்குப் பலகை மடியில் இருக்க வேண்டும். இருகை விளிம்பையும் அவர் ஒரே நேரத்தில் தொட முடிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் கணிதம் பயில்பவர் என்ற முறையில் ஒரு கேள்வி எழுந்தது. வரிசைகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? ஆட்டத்திற்கு வேண்டியது எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு எந்தக் கோட்டில் இணைந்திருக்கிறது என்பது மட்டுமே. தூரம் எவ்வளவு என்று புலியும் கேட்பதில்லை, ஆடும் கேட்பதில்லை. 1736ஆம் ஆண்டு ஆய்லர் என்னும் மேதை கோனிக்சுபெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிரை ஆராய்ந்தபோது கண்டதும் இதுவே. பாலத்தின் நீளம் எவ்வளவாயினும் விடை மாறுவதில்லை, எது எதனோடு சேர்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. நம் ஊர் மொழியில் சொல்வதானால், ஆடு புலிக் கட்டத்தை ஒரு பனியன் துணியில் அச்சடித்துக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பாருங்கள். புள்ளிகள் விலகும், நெருங்கும். கோடு எதுவும் அறுவதில்லை. இழுபட்ட பனியன் மீதும் அதே ஆட்டத்தை ஆடலாம்.

அப்படியானால் கணக்கு எளிது. விரலுக்கு 16, பென்சிலுக்கு ஏழரை. இரண்டும் சேர்த்து இருபத்து மூன்றரை. 24 என்று கொள்வோம். இடைவெளி தொலைவில் கால் பங்கு என்பதால், முதல் வரிசையை 24ஐ நான்கால் பெருக்கி, உச்சியிலிருந்து 96 மில்லிமீட்டரில் வைக்க வேண்டும். எஞ்சிய 144ஐ மூன்றாகப் பகுத்தால் வரிசைக்கு வரிசை 48. ஆக வரிசைகள் 96, 144, 192, 240 என்ற தொலைவுகளில் அமையும்; துளைகளின் இடைவெளி 24, 36, 48, 60 என்று வரும். பின்னம் ஒன்றும் இல்லாமல் எண்கள் இப்படி அமைந்தபோது எனக்கு ஏற்பட்ட இன்பத்தைக் கணித மாணவர்கள் அறிவார்கள்.

இனி இதனைப் பிழையில்லாமல் வரைய வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பனியன் கம்பெனியில் கணிப்பொறியில் பேட்டர்ன் போடுபவர். அவரிடம் சென்று, "ஏனுங்ணா, பலகையில ஓட்டைக்கு இடம் குறிக்கக் கணிப்பொறியில முடியுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நாங்க தெனமும் அதத்தானே பண்றோம். சட்டையில பாக்கெட் எங்க வரோணும்னு பேட்டர்ன்ல டிரில் ஹோல் வெப்போம். அது அரை இஞ்சு தள்ளிப் போச்சுன்னா, ஆயிரம் சட்டையிலயும் பாக்கெட் தள்ளிப் போயிரும்" என்றார். இந்த ஊரின் தொழிலே துளைக்கு இடம் குறிப்பதில் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். காஜாவுக்குக் காஜா இடைவெளி, பட்டனுக்குப் பட்டன் இடைவெளி என்று நம் அன்னையரும் அக்காமாரும் நாள்தோறும் செய்வது இதே கணக்கைத்தான்.

அவர்களுடைய மென்பொருள் விலை மிக்கது. எனக்கு அது வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் 2003 முதல் யாவர்க்கும் இலவசமாகக் கிடைத்து வருகிறது. கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் பேராசிரியரின் இசைவு பெற்று, மாலை வேளைகளில் அதில் வரைந்தேன். பிறருக்கும் பயன்படும் என்பதால் முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

முதலில் தாளின் அளவை 260க்கு 290 மில்லிமீட்டர் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். பலகையின் அளவும் அதுவே. அளவுகள் எல்லாம் தாளின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கும். வலப்புறம் செல்வது முதல் எண், கீழ்ப்புறம் இறங்குவது இரண்டாம் எண். உச்சித்துளை 130, 25. முதல் வரிசை கீழ்நோக்கி 121இல். வலப்புறமாக 20, 94, 118, 142, 166, 240. இரண்டாம் வரிசை 169இல். 20, 76, 112, 148, 184, 240. மூன்றாம் வரிசை 217இல். 20, 58, 106, 154, 202, 240. அடிவரிசை 265இல், 40, 100, 160, 220. எண்ணிப் பாருங்கள், 23 வரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மென்பொருளில் ஒரு வட்டத்தின் இடத்தை எண்ணால் குறித்தால், அது வட்டத்தின் மையத்தைக் குறிப்பதில்லை. வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாகக் கொண்டு அதன் மூலையைக் குறிக்கிறது. எட்டு மில்லிமீட்டர் வட்டமானால் மையத்தின் எண்களிலிருந்து நான்கு நான்கு கழித்துக் கொடுக்க வேண்டும். உச்சித்துளைக்கு 126, 21. கோட்டின் தடிமனையும் அது அளவில் சேர்த்துக்கொள்ளாதபடி, அமைப்புகளில் வடிவியல் எல்லையைத் தேர்ந்துகொள்வது நலம். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் சிறு கூட்டல் குறி இட வேண்டும். ஆணி முனை அமர வேண்டிய இடம் அது. கோடுகளைத் தனி அடுக்கிலும் துளைகளைத் தனி அடுக்கிலும் வரைந்தால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் திருத்தலாம்.

அச்சிடும்போது பேட்டர்ன் அண்ணன் சொன்ன அறிவுரை பொன் போன்றது. "எந்தப் பேட்டர்ன அச்சுப் போட்டாலும், வெட்றதுக்கு முந்தி டேப்ப வெச்சு ஓரளவு பாத்துரோணும்" என்றார். அதனால் படத்தின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு வரைந்து வைத்தேன். அச்சுக் கடைகளில் படத்தைத் தாளுக்குப் பொருத்தி அச்சிடுவது வழக்கம். அதில் படம் சிறிது சுருங்கிவிடும். உள்ளபடியே நூற்றுக்கு நூறு அளவில், ஏ3 தாளில் அச்சிடச் சொல்ல வேண்டும். கோட்டின் மீது அளவுகோலை வைத்தால் 100 காட்டியது. பிறகுதான் கடையை விட்டு நகர்ந்தேன்.

மற்றவை கைவேலை. தச்சர் ஒருவரிடம் மிஞ்சிக் கிடந்த 19 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை கிடைத்தது. தாளை அதன் மேல் ஒட்டி, கூட்டல் குறிகளில் ஆணியால் தட்டிக் குழி செய்து, எட்டு மில்லிமீட்டர் துளைக்கருவியால் 12 மில்லிமீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டோம். துளைக்கருவியின் மேல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு நாடாவைச் சுற்றிவிட்டால் ஆழம் மீறாது. அப்பா துளைக்கருவியைப் பிடித்தார். கட்டிங் மேசையில் நாள் முழுதும் நின்று பழகிய கை அல்லவா, ஒரு துளைகூட விலகவில்லை. பென்சில்களைத் துண்டாக்கி உப்புத்தாளால் தேய்த்தோம். மூன்று பென்சில்களில் 15 ஆடுகள் கிடைத்தன. நான்காவது பென்சில் சற்று நீளமான மூன்று புலிகளாயிற்று. கைக்கு வேறுபாடு தெரிய, ஒவ்வொரு புலியின் தலையிலும் 18 லைன் சட்டைப் பட்டன் ஒன்றை ஒட்டினோம். பட்டன் கணக்கில் 40 லைன் ஓர் அங்குலம். ஆகவே 18 லைன் என்பது பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோடுகளும் விரலுக்குத் தெரிய வேண்டும் அன்றோ? கீழே விழுந்த கழிவு நாடாக் கயிற்றை அம்மா கொண்டுவந்தார். அதைப் பசையால் பத்துக் கோடுகளின் மேலும் ஒட்டினோம். நூறு ரூபாய்க்குள் எல்லாம் முடிந்தது.

பலகையை அப்புச்சியின் மடியில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உச்சியிலிருந்து தடவத் தொடங்கினார். விரல் கீழே இறங்கியது, நின்றது.

"மொத வரிசை கீழ எறங்கிக் கெடக்குதே. இது நம்ம கட்டமில்லையே!" என்றார்.

பார்க்காமலே அவர் கண்டுபிடித்துவிட்டார்! ஐம்பது ஆண்டுக் காலம் பாறையில் கீறிய கட்டத்தின் அளவு அவர் விரலில் இருந்தது. "விரலு நொழையோணும்னுதானுங்க அப்புச்சி எறக்கி வெச்சேன். கோடெல்லாம் அதே கோடுதானுங்க" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கயிறாகப் பிடித்து நடந்தார். உச்சியிலிருந்து அடி வரை நான்கு முறை, பிறகு குறுக்கே, பிறகு இரு பக்கத்துச் செங்குத்துக் கயிறுகள். நெடுநேரம் ஆயிற்று. இறுதியில், "வேலி தள்ளிப் போட்டிருக்குது, காடு அதேதான்" என்றார். ஆய்லர் தாள் கணக்கில் நிறுவியதை என் அப்புச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தம்பி புலிகளை எடுத்துக்கொண்டான். அப்புச்சி ஆடுகளைத் தாமே செருகினார். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் பலகை முழுவதையும் ஒருமுறை தடவினார். பென்சில் ஆடுகள் அசையவில்லை. பட்டன் தலையைத் தொடும்போதெல்லாம், "இங்க நிக்கறானா?" என்று முணுமுணுத்தார். நான் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை இல்லை. நான்கு ஆண்டுகள் ஆடாத கை; நெருக்கி வந்த ஆட்டத்தில் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் ஓர் ஆட்டைத் துணையின்றி விட்டுவிட்டார். தம்பி தாண்டினான். அது ஐந்தாவது ஆடு.

அப்புச்சி பலகையை மேலிருந்து கீழாகத் தடவினார். எஞ்சிய ஆடுகளை எண்ணினார். காலியாக இருந்த துளையில் விரலை வைத்துச் சிறிது நேரம் நிறுத்தினார். "அந்தப் பக்கம் ஒண்ணு அண்டக் குடுத்திருக்கோணும்" என்றார். பிறகு அவரே காய்களைப் பிடுங்கி, "இன்னொண்ணு போடு கண்ணு. இப்ப நாந்தான் புலி" என்றார்.

நானோ தம்பியோ சொல்லி அவர் தோற்கவில்லை. தம் கையாலேயே கண்டு தோற்றார். அந்தத் தோல்வியில் அவருக்கு இருந்த ஊக்கம் முந்தைய வெற்றியில் இருக்கவில்லை. இப்போது எங்கள் தெருவில் மாலை நேரங்களில் வேறு இரண்டு முதியவர்களும் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியும், அப்புச்சிக்குத் தெரியாது. பலகைக்கு அந்த வேறுபாடு இல்லை. அவர்கள் கை தவறி இடித்தாலும் ஆட்டம் கலைவதில்லை என்பதால், அவர்களும் இந்தப் பலகையையே விரும்புகிறார்கள்.

கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் வீட்டில் பலரும் கேட்டதுண்டு. கல்லூரிக்கு வந்த முதல் ஆளிடம் அப்படிக் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு முழு விடை என்னிடம் இன்னும் இல்லை. ஆயினும், வடிவொத்த முக்கோணம் என்னும் ஒரு சிறிய பாடம் ஒரு முதியவரின் விரலுக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதை நான் கண்டேன். படிப்பு பயன்படும் இடம் பெரிய ஆலையாகவோ ஆய்வுக்கூடமாகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம்.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வை குன்றியவர் ஒருவர் ஆட்டத்திலிருந்து ஒதுங்கி அமர்ந்திருக்கலாம். துளைகளின் அளவுகள் அனைத்தையும் மேலே தந்திருக்கிறேன். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; முதலில் அவருடைய சுட்டுவிரலை அளந்துகொள்ளுங்கள். காயின் விட்டத்தை அதனோடு கூட்டி, நான்கால் பெருக்குங்கள். முதல் வரிசையை அங்கே வையுங்கள்.

ஒரு பேச்சு மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். புலிகளை அவரிடம் கொடுத்துவிட்டு ஏமாந்திருக்க வேண்டாம். இரண்டாவது ஆட்டத்தில் தம்பியின் ஐந்து ஆடுகளும் போயின!